நீல ஜெர்சி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஒரு வேடிக்கை கேள். நேற்று எங்கள் காலேஜுக்கு ஃபுட்பால் மேட்ச். எதிர் டீம் நீல ஜெர்சியில் இறங்கியது. நான் கிளப்பில் ஆடிய காலத்து அதே நீலம். கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். உதவி கோச் மெல்லத் தோளைத் தொட்டு, "சார், நம்ம பசங்க சிவப்பு" என்றார். அதுவரை நீலத்துக்குத்தான் கோச்சிங் கொடுத்திருக்கிறேன். அவர்களும் நான் சொன்னபடியே ஆடி ஒரு கோல் போட்டுவிட்டார்கள். பசங்க விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அறைக்கு வந்த பிறகுதான் எங்கள் பழைய கேப்டன் ஞாபகம் வந்தது. அவரும் என்னைப் போலத் தலையால் பந்தை முட்டியே பெயர் வாங்கியவர். கடைசியில் தன் வீட்டு வாசலிலேயே நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டாரே. அவர் கதை வேறு, விடு.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பு. பாப்பா பாடம் ஒப்பிப்பதையும் பதிவு செய்து அனுப்பு. அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

பிராக்டிஸுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் உன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசு. இங்கே லைன் சரியில்லை.

பாப்பாவின் அப்பா