அம்மான் பச்சரிசி இரண்டு வகை

இன்று ஷிப்ட் முடிந்து தண்டவாளத்தோரம் வரும்போது செருப்பு வார் அறுந்தது. குனிந்தேன். சல்லிக் கற்களுக்கு நடுவே அம்மான் பச்சரிசிச் செடி, பெரியதும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில். கிள்ளிப் பார்த்தேன். இரண்டிலும் அதே வெள்ளைப் பால். விரலில் பிசுபிசுத்தது. உன் நினைப்பு வந்துவிட்டது.

உன் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்த மாதம். தாய்ப்பால் ஊற அந்தக் கீரை வேண்டுமென்று, ஆலை விட்டதும் திருவொற்றியூர் வரை பறித்துக்கொண்டே நடப்பாய். நானும் ஒரு பிடி பறித்து நீட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“இன்னா மாமு, அண்ணனப் புடுங்கச் சொன்னா தம்பியப் புடுங்கினு வந்துகிற.”

“ரெண்டும் ஒண்ணுதான்டா. இது மிதிபட்டுப் படுத்துகினு கீது.”

“உனுக்கு எத்தப் பாத்தாலும் மிதிபட்டதுதான்.”

தண்டைக் காட்டினாய். பெரியதில் ரோமம்; கணுவுக்குக் கணு நொய் அரிசி போலப் பூங்கொத்து. சின்னதில் இலையே அரிசி அளவுதான். சிவந்த தண்டு தரையோடு ஒட்டியிருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆலை, கரிப்புகை, லாரி, இதெல்லாம்தான் அதைக் குறுக்கிவிட்டது என்று பிரசங்கமே செய்தேன். நீ வாதாடவில்லை. சின்னதில் ஒன்று, பூட்ஸ் மிதித்து நசுங்கிய பெரியதில் ஒன்று, இரண்டு டால்டா டப்பாவில் நட்டு உன் வீட்டு மதில்மேல் வைத்தாய். ஒரு மாதத்தில் நசுங்கியது நிமிர்ந்துவிட்டது. சின்னது விளிம்பைத் தாண்டித் தொங்கியது, எழவே இல்லை. யாரும் மிதிக்காமலே அது அப்படித்தான்.

பிறகு வேலைநிறுத்தம். ஐந்தாவது வாரம், இனிக் கொடி பிடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். நீ போடவில்லை. மறுநாள் டீக்கடையில் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

“நானும் அந்தச் சின்னச் செடிதான் போல மாமு. பொறப்பே அப்டி.”

“செடிய இன்னாத்துக்கு இழுக்கற? அதுக்குக் கையா கீது? நீ கையெழுத்து போட்ட, நான் போடல. அவ்ளோதான். டீயக் குடி, ஆறிப்பூடும்.”

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பிறவி என்றும் சொல்ல விடவில்லை, மிதித்தார்கள் என்றும் சொல்ல விடவில்லை நீ.

உன்னை நீக்கினார்கள். ஏதோ ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனாய். அடுக்கு சரிந்து நீ செத்த செய்தி வந்தபோது நான் லேத் முன்னால் நின்றிருந்தேன். அடக்கத்துக்கு வரவில்லை. லீவு தரவில்லை என்று உன் வீட்டில் சொன்னேன். நம்பினார்கள், என்னோடு சேர்ந்து முதலாளியைத் திட்டினார்கள். நான் லீவு கேட்கவே இல்லை. கேட்டால் உன் ஆள் என்று குறித்து வைப்பார்களோ என்று மெஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். போகாதே என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை.

இதைச் சுமந்துகொண்டுதான் தினமும் கேட்டுக்குள் போகிறேன். சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான்.