திரும்பும்போது எதிர்காற்று

ஆரணி,
17-12-1984

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணகி எழுதுவது. அத்தையும் நானும் இங்கே சுகம். ஆஸ்பத்திரியில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் எப்போதும் கடைசி வரியில் 'பரவாயில்லை' என்று எழுதித் தப்பித்துக்கொள்வீர்கள்.

சேதிக்கு வருகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் பந்தயப் பாதையை முழுசாக நானே போய்ப் பார்த்துவிட்டேன்! நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே வீச்சில் முடித்தேன், மாமா! உடம்பெல்லாம் வலி, ஆனால் பள்ளிக்கூடத்தில் இன்று காலை பிள்ளைகளை டிரில்லுக்கு நிறுத்திவிட்டு நானே சிரித்துக்கொண்டு நின்றேன்.

போன லீவில் வெளிநாட்டுக்காரர்களின் பந்தயத்தைப் பற்றி நீங்கள் இளைஞர் மன்றத்தில் சொன்னாலும் சொன்னீர்கள், பொங்கலுக்கு நடத்தியே தீருவோம் என்று நிற்கிறார்கள். சுவரெல்லாம் ஜெயச்சந்திரன் என்று உங்கள் பெயர்தான் முதலில். நீங்களோ, 'பாதை எவ்வளவு கஷ்டம் என்று உள்ளதைச் சொல். என்னால் முடியும் என்றால் பொங்கலுக்கு வருகிறேன், முடியாது என்றால் ஊர் சிரிக்கும், இந்த லீவில் ஊர்ப்பக்கம் வரவில்லை' என்று எனக்கு எழுதினீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது, பெண்டாட்டி ஒருத்தி இங்கே இருப்பது மறந்துவிட்டதா என்று. பிறகுதான், மற்றவர் பேச்சை நம்பாமல் நானே இறங்குவது என்று முடிவு செய்தேன்.

ஏரி நிரம்பி வழிகிறது. விடிந்ததும் இறங்கினேன், தண்ணீர் ஐஸ்தான். மதகுப் பக்கம் கோரை காலைச் சுற்றுகிறது, கரையை ஒட்டியே போனால் தப்பிக்கலாம். அத்தை துண்டோடு கரையில் உட்கார்ந்து, 'பேஜார் புடிச்ச பொண்ணு, ஜல்தியா ஏறி வாடி, ஊரே பாத்துகினு கீது' என்று கத்தினார்கள். நான் கரையேறியதும் துணி துவைக்க வந்தவர்களிடம் எம் மருமவ, எம் மருமவ என்று ஒரே பெருமை.

அடுத்தது சைக்கிள். நெசவுக்காரத் தெருவில் தறிக்கான இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். பட்டு இழை மேல் சக்கரம் படலாமா? இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். பந்தயக்காரர்களும் அப்படித்தான் போகவேண்டும், அல்லது வேறு தெரு பார்க்கவேண்டும். மன்றத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

போளூர் வரைக்கும் ஜாலியாகப் போனேன், முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல. பாதை சுலபம் என்று மன்றச் செயலாளர் பன்னீர்செல்வம் உங்களுக்கு எழுதியது நிஜம்தான் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினேன். அப்பா! மார்கழிக் காற்று முகத்தில் அறைந்தது. திருமலைக்குத் திரும்பும் இடம் வரைக்கும் அதே எதிர்காற்று. போதாததற்கு ரோடெல்லாம் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள், பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று. அது செயினில் சிக்கி மூன்று தடவை இறங்கினேன். இந்தக் காற்றைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று இன்று மாலை பன்னீர்செல்வத்தைப் பிடித்துக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, 'போவசொல்ல பறந்துகினு போனோம் டீச்சர், திரும்பசொல்ல பசி, அதான் சைக்கிள பஸ் மேல ஏத்திகினு வந்துட்டோம்' என்றார். பாதை பார்த்த லட்சணம் இது! திட்டவேண்டும் என்று போனவள் சிரித்துவிட்டேன்.

கடைசியில் திருமலையில் ஓட்டம். அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு, மலைப்படி ஏறி, இறங்கி, அடிவாரத்திலேயே முடிக்கவேண்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்குகிறது, சமாளித்துவிடலாம். இறங்குவதுதான் மாமா கொடுமை. ஒவ்வொரு படியும் முழங்காலில் வந்து இடிக்கிறது. நல்ல கால் இருக்கிற எனக்கே கடைசியில் தொடை வெடவெடவென்று ஆடியது.

சுலபம் என்று எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள். எனக்கு அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் பொய் சொல்லி வரவழைத்து உங்கள் காலைத் திரும்ப உடைக்க என்னால் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன், இந்த வருடம் உங்களால் முடியாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். மன்றத்தில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். பொம்பளை ஓடினால் ஊர் என்ன சொல்லும் என்று மணவாளன் இழுத்தார். கூட வந்திருந்த அத்தை, 'எம் புள்ள எடத்துல எம் மருமவ ஓடறா, உனுக்கு இன்னா நோவுது?' என்று ஒரு போடு போட்டார்கள். சுவரில் சுண்ணாம்பு அடித்து இப்போது கண்ணகி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபம் இருந்தால் நேரில் வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தடி ஊன்றிக்கொண்டு வாருங்கள், கட்டுப் போட்ட காலோடு வாருங்கள். யாராவது கேலி செய்தால் அத்தை பார்த்துக்கொள்வார்கள். பந்தயத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது மாமா, எனக்குத்தான் ஆள் இல்லை. பொங்கலுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் கால் சீக்கிரம் குணமாக வேண்டிக்கொண்டு,
உங்கள் கண்ணகி