நெசமான இருமல்

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே நாம் வழக்கமாகப் போன மருந்துக்கடை இன்னும் இருக்கிறது. கடைக்காரப் பெரியவர் இப்போது இல்லை, அவருடைய மருமகன் உட்கார்ந்திருக்கிறான். நேற்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அங்கே போய் இருமலுக்கு சிரப் கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர் சீட்டு கீதா? சீட்டு இல்லாம தர்றதில்ல சார்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். நரைத்த தலையை வைத்துக்கொண்டு நான் நடிக்கிறேன் என்று அவன் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், தான் வாங்கிய சிரப் பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அந்த இனிப்பு வாடை என் மூக்கில் ஏறியது. அதோடு நீயும் வந்து நின்றாய்.

நீ கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன், நான் மணிமங்கலத்துக்காரன். ஒரே லைனில் எதிரெதிரே நின்று கார் பாகங்களுக்குத் திருகாணி முடுக்கினோம். என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் பேச்சைக் கேட்டு நான். நீயும் என்னைப் போல ஆண்களை விரும்புகிறவன் என்று எனக்குத் தெரிந்தது கம்பெனியில் அல்ல, ஆண்கள் துணை தேடி வரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில். என்னை அங்கே பார்த்ததும் ஓடப் பார்த்தாய். "இன்னாத்துக்கு ஓடுற? நானும் அதுக்குத்தான் வந்துகீறேன்" என்றேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், உன் அறைக்காரர்கள் சினிமாவுக்குப் போன பிறகு, நம்மைப் போல நாலைந்து பேர் உன் அறையில் கூடுவது வழக்கமாகிவிட்டது.

போதைக்கு இருமல் சிரப் இல்லாமல் அந்தக் கூட்டம் ஒருநாளும் தொடங்கியதில்லை. கூடவே யாராவது தூக்க மாத்திரையும் கொண்டுவருவார்கள். கடைக்காரப் பெரியவர் சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார், இருமினால் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். நம்மில் நன்றாக இருமுகிறவன்தான் கடைக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பதவி எப்போதும் உனக்குத்தான். "நீ இருமுனா ஆடு தும்முன மாதிரி இருக்குல. மொதல்ல சின்னதா ரெண்டு. பெரியவர் தலையத் தூக்கும்போது நெஞ்சப் புடிச்சுக்கிட்டு பெருசா ஒண்ணு" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாய். நீ பாட்டிலோடு திரும்பி வரும்போது நாங்கள் கைதட்டுவோம்.

"இந்தக் கருமம் இல்லாம ஒரு நாளாவது இருக்க முடியாதா?" என்று ஒருமுறை கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அது உள்ள போனாத்தாம்ல எங்கய்யா மொகம் கண்ணுல இருந்து மறையுது" என்றாய். எனக்கும் அப்படித்தான். மறைய வேண்டிய முகங்கள் எனக்கும் இருந்தன. பாட்டிலை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

ஏரிக்கரைக்கு வரும் தொண்டு நிறுவனத்து அண்ணன் ஆணுறை கொடுப்பார், நோயைப் பற்றியும் பொறுமையாகச் சொல்வார். நாமும் ஒழுங்காகத் தலையாட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைப்போம். சிரப்பும் மாத்திரையும் உள்ளே போன பிறகு சட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. அதிலிருந்த ஆணுறையை யார் நினைத்தார்கள்?

அந்த வருடம் மழை முடிந்த பிறகும் நீ இருமினாய். லைனில் இருமினாய், பஸ்ஸில் இருமினாய், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய் இருமினாய். "இன்னா, ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே ரிகர்சலா?" என்று கேட்டோம். நீயும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டி இருமிக் காட்டினாய். ஞாயிற்றுக்கிழமை சிரப் குடித்தால் அடங்கிவிடும், திங்கள்கிழமை திரும்ப வரும். கன்னம் ஒட்டிப்போனதை ஓவர்டைம் என்றாய். ரத்தம் வந்த அன்று மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கைக்குட்டையைக் காட்டினாய். "மத்தவங்ககிட்ட சொல்லாத" என்றாய்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட வந்தேன். "எவ்வளவு நாளா இருமல்?" என்று டாக்டர் கேட்டார். சாதாரணக் கேள்வி, எல்லா நோயாளிகளிடமும் கேட்பது. நீ வாயைத் திறந்தாய், மூடினாய், என்னைப் பார்த்தாய். எனக்கும் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் சொன்னாய்: "எது நடிச்சது, எது நெசம்னு எனக்கே தெரியலல."

காசநோய் என்றார்கள். அடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் இருந்தது. "எந்தப் பொம்பளகிட்ட போன?" என்று கேட்டார்கள். ஏதோ ஒரு பெண் என்று தலையாட்டிவிட்டு வந்தாய். சிரப், மாத்திரை, அறை, நாங்கள், எதையும் சொல்லவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

வார்டில் ஒரு மதியம், மற்றக் கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, என் கையை எடுத்து உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். எலும்புதான் இருந்தது. சிரப் உள்ளே போகாமல் நீ என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "நீ போய் டெஸ்ட் எடுல. மத்தவனுவகிட்டயும் சொல்லு. இனிமே எவன் இருமுனாலும் நெசம்னே நெனைங்கடா" என்றாய். உன்னை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்று சொல்லியிருக்கலாம். நர்ஸ் வந்தார், கையை எடுத்துக்கொண்டேன்.

எச்.ஐ.வி.க்கான மாத்திரை அப்போது தனியார் கடையில்தான் கிடைத்தது, நம் சம்பளத்தில் அதன் பக்கமே போக முடியாது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கப்போகிறது என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அது வருவதற்குள் உன் அய்யா வந்து உன்னை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். கிளம்பும்போது என்னிடம், "நீங்க கூட வேலை பாக்குறவரா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். நீ இறந்துபோன செய்தி உன் அறைக்காரன் ஒருவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது. பெல் அடிக்கும்வரை திருகாணி முடுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மற்றவர்களிடம் சொன்னேன். ஒருவன் பரிசோதனைக்குப் போனான், மற்றவர்கள் என்னைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். நான் போனேன். எனக்கும் இருந்தது. இலவச மாத்திரை எனக்குக் கிடைத்தது, உனக்குக் கிடைக்கவில்லை. இதில் நியாயம் தேடி நான் களைத்துப்போனேன்.

இப்போது பஸ்ஸில் எவன் இருமினாலும் திரும்பிப் பார்த்து, எவ்வளவு நாளாக என்று கேட்கிறேன். பெருசுக்கு வேறு வேலையில்லை என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். நாளைக்கு மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சளியையும் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். டாக்டர் புதியவராம், எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பாராம். கேட்கட்டும். யாரோடு பழக்கம் என்றால் ஆண்களோடு என்பேன். எவ்வளவு நாளாக இருமல் என்றால், அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. போன வியாழக்கிழமை, முதல் ஷிஃப்டில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால்.