வேர்வைப் போத்தலும் ஈர்ப் போத்தலும்

1986 மார்ச் 4, செவ்வாய்

வெயில் கொதி. கிணற்றில் தண்ணீர் அடியில். மிளகாய்க்கு ஒரு இறைப்புத்தான்.

மகள் கமலா பள்ளிக்கூடத்தால் அழுத முகத்தோடு வந்தாள். விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கி ஆறு வருடம், இப்படி ஒருநாளும் இல்லை. பெற்றார் சங்கச் செயலாளர் செல்லையா வகுப்புக்குள்ளேயே வந்து சொன்னானாம்: "பேன் வேர்வையிலை பிறக்குதெண்டு எங்கடை சாத்திரம் சொல்லுது, ரீச்சர். விஞ்ஞானக் கொப்பியிலையும் அப்பிடித்தான் எழுதுவிக்கவேணும். ஏலாதெண்டால் வேறை பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் எடுங்கோ." 14ஆம் திகதி கூட்டத்தில் முடிவாம்.

அதே பேன். அதே வீட்டுக்காரர்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. வாத்தியார் இந்தச் செல்லையாவின் தகப்பன்; பேன் வேர்வையில் பிறக்கும் என்று படிப்பித்தார். "ஈர் பொரிச்சுத்தான் பேன் வருது, நான் கண்டனான்" என்றேன். மணியடிக்கும் வரை முற்றத்து வெயிலில் நிறுத்தினார். செ. யன்னலால் எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். நீலக் காற்சட்டை. முன்பல் ஒன்று இல்லை. வாத்தியாரை எதிர்த்தவள் என்று அப்பு அடுத்த நாளே என் படிப்பை நிறுத்தினார்.

5, புதன்

வாங்க: தேங்காய் எண்ணெய், சவர்க்காரம், விளக்குத்திரி.

செ.யின் பேத்தி சுகந்தி படலையடியில் தலையைச் சொறிந்தபடி. "வா பிள்ளை, பேன் பாத்துவிடுறன்." ஈர் ஒட்டிய மயிர் ஏழு நறுக்கி எடுத்தேன். மருந்துப் போத்தல் இரண்டு, அவித்துக் காயவைத்தது. ஒன்றில் ஈர். மற்றதில் தோட்டத்தில் என் வேர்வை துடைத்த சீலைத்துண்டு. பள்ளிக்கூட அதிபரிடம் கொண்டுபோனேன். சிரிக்கவில்லை, நல்ல மனிசன். இரண்டின் வாயிலும் துணி கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து முத்திரை குத்தித் தந்தார்.

ஈருக்குத் தலைச்சூடு வேண்டும். இரண்டையும் மடியில் கட்டினேன்.

8, சனி

சிவராத்திரி. விரதம். கோயிலுக்கும் போத்தலோடுதான். சிவனே, பொறுத்துக்கொள். நீ படைத்ததைத்தான் மடியில் வைத்துப் பார்க்கிறேன்.

வாசலில் செ.: "நாகம்மா, மோளுக்குப் புத்தி சொல்லும்."

"சொல்லுறன், சொல்லுறன்."

12, புதன்

ஒன்றும் இல்லை. ஈர் வெள்ளைப் புள்ளியாய் அப்படியே. வேர்வைச் சீலையும் சும்மா. ஒருபக்கமாகப் படுத்து விலா நோ.

கமலா: "அம்மா, உது செத்திருக்கும். நான் மாற்றத்துக்கு எழுதிக் குடுக்கிறன்."

"பொறடி பிள்ளை."

பயம்தான். அவளுக்குச் சொல்லவில்லை.

14, வெள்ளி

விடிய போத்தலைத் தூக்கிப் பார்த்தேன். ஓடுது! நாலு. மணல் அளவு. கால் எல்லாம் இருக்கு. பேனுக்காக அழுத மனிசி நான் ஒருத்திதான்.

கூட்டம். செ. எழும்பி நின்று சாத்திரம் சொன்னான். நடுவில் ஆமி ஹெலிகொப்டர் வந்து சுற்றியது. எல்லோரும் மேசைக்குக் கீழே. போத்தல் என் கையில். அது போனதும் இரண்டையும் மேசையில் வைத்தேன்.

அதிபர்: "என்ரை முத்திரைதான். உடையேல்லை."

கைக்குக் கை போனது. ஈர்ப் போத்தலில் பேன். வேர்வைப் போத்தலில் சீலை நாற்றம் மட்டும்.

செ.: "அப்ப சாத்திரம் பொய்யோ, நாகம்மா?"

"சமய பாடத்திலை சொல்லுங்கோ அண்ணை, கைகூப்பிக் கேக்கிறன். விஞ்ஞான பாடத்திலை போத்தலைப் பாருங்கோ."

"உது ஆரின்ரை பேன்?"

"உங்கடை வீட்டுப் பேன்தான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கை உயர்த்தினார்கள். கமலா இங்கேயே. பாடமும் இருந்தபடியே. செ.யின் கை மட்டும் மேசைக்குக் கீழே.

பாயாசம் வைத்தேன். சர்க்கரை கூடிவிட்டது. கூடட்டும்.

15, சனி

விஞ்ஞான அலுமாரியில் போத்தல் இரண்டும். கமலாவின் எழுத்தில் துண்டு: 'தந்தவர் நாகம்மா.' படிப்பு நின்றபோது என் பெயரை வெட்டின அதே பள்ளிக்கூடத்தில் இப்போது என் பெயர்.

பத்து மணிக்கு செ. பேத்தியோடு முற்றத்தில். "தலை முழுக்க ஈர். நீர்தான் பாக்கவேணும்."

பிள்ளையை மாமர நிழலில் இருத்தினேன். சீப்பை எடுத்தேன்.

செ.: "அந்தப் பழங்கதையை இன்னும் மனசிலை வைச்சிருக்கிறீரோ?"

"ஓம்."

நல்ல வெயில். செ.யை நிழலுக்கு வந்து இருக்கச் சொல்லவில்லை. நிற்கட்டும்.