டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி

அன்பு மகள் மோனிக்குக்கு,

நானும் உன் தம்பி லூசியன் வீட்டாரும் உடம்பளவில் சுகம். நீயும் ஹாலிஃபாக்ஸ் மழையில் நனைந்து சளி பிடிக்காமல் இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் என் குரல் பயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் விரைவுத் தபால்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது, தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம். அடுத்த வியாழக்கிழமை நம் கோயிலின் பங்கு மண்டபத்தில் வேட்பாளர்கள் கூட்டம், வழக்கம்போல மணி என் கையில். இருபத்தாறு வருடமாக ஒவ்வொருவர் பேச்சுக்கும் இரண்டு நிமிடம் முடிந்ததும் அடிக்கிறேன். உன் அப்பா நகரசபைக்கு நின்றபோது அவருக்கும் அடித்தேன், பாதிப் பேச்சில் வாயை மூடிக்கொண்டு அவர் உட்கார மண்டபமே சிரித்தது. இப்போது இந்த ஊரில் அப்படி யாரும் சிரிப்பதில்லை. போன வாரம் கடையில் பாடகர் குழு மார்கரெட் எல்லார் முன்னாலும் லூசியனைப் பார்த்து, "பாசிஸ்ட் வந்துட்டார், வழி விடுங்க" என்றாளாம். இவன், "உங்க டாக்டரம்மா ஜெயிச்சா எண்ணெய்க் கிணத்துல எங்களுக்கு வேலை போயிடும், அப்புறம் நீங்களா சோறு போடுவீங்க" என்று கேட்டிருக்கிறான். அவன் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. டாக்டர் போலினா கோசாக்தான் இந்த முறை சிவப்புக் கட்சிக்கு நிற்கிறார். என் ஓட்டு ஆயுள் முழுக்க லூசியனின் நீலக் கட்சிக்கு, இந்த முறையும் அப்படித்தான். ஆனால் உன் அப்பாவின் கண்ணைக் கடைசியில் மூடிவிட்டவர் அந்த டாக்டர்.

நேற்று லூசியன் உருளைக்கிழங்கு கொண்டுவந்தான். மூட்டையை எடுக்க நான் வண்டியின் பின்பக்கத் தார்பாயை விலக்கினேன். அடியில் டாக்டரின் படம் போட்ட தேர்தல் பலகைகள், மூன்று. மூன்றிலும் கண் இருக்கும் இடத்தில் குண்டு துளைத்த ஓட்டை. கேட்டேன். "பசங்களோட சும்மா விளையாட்டுக்கும்மா, பலகையைத்தானே சுட்டோம், ஆளையா சுட்டோம்" என்று சிரித்தான். கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்த வியாழக்கிழமை நீங்க வராதீங்கம்மா, வீட்டுலயே டிவி பாருங்க" என்றான். ஏன் என்றேன். "சும்மா சொன்னேன்" என்றான். அவன் சிறு வயதில் பொய் சொல்லும்போது காதைத் தடவுவான், நேற்றும் தடவினான்.

இன்று காலை போலீசுக்குப் போன் செய்தேன். மண்டப வாசலில் ஒருவரை நிறுத்துகிறோம் என்றார்கள். பலகைகளை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். சாலையோரம் என்று சொல்லிவிட்டேன். கன்னியர் மடத்தில் பத்து வருடம் படித்து, உங்கள் இருவரையும் ஒரு சின்னப் பொய்க்குக்கூட முழங்காலில் நிற்க வைத்தவள் நான். இதை எழுதவே கை கூசுகிறது.

பிறகு லூசியனைப் போனில் கூப்பிட்டு, கூட்டத்துக்கு நான் போவேன், மேடையில் மணியோடு டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன் என்று சொன்னேன். மெதுவாக, "நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கக் கூடாதாம்மா" என்றான். அதுவரை எனக்கு இருந்தது சந்தேகம், மோனிக். அதைக் கேட்டபின், அந்த மேடையில் டாக்டரை ஏதோ செய்யப் போகிறார்கள், இவனுக்கும் அது தெரியும் என்று உறுதியாகிவிட்டது; போனை வைத்ததும் இந்தத் தாளை எடுத்தேன்.

தள்ளிப் போட மாட்டேன். அவனுடைய கூட்டாளிகளை எனக்குத் தெரியாது, அவனைத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு, கட்சிச் சண்டையில், எனக்குத் தம்பியே இல்லை என்று அவனுக்குக் குறுஞ்செய்தி எழுதினாய். அதை அவன் இன்னும் போனில் வைத்திருக்கிறான், எனக்குக் காட்டினான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவனைக் கூப்பிடு. கட்சி வேண்டாம், யார் சரி என்பதும் வேண்டாம். அவன் பிள்ளைகளைப் பற்றிக் கேள், அவன் பேசட்டும். வைக்கும் முன், அம்மா அந்த நாற்காலியில் இருப்பாள் என்று மட்டும் சொல். உன் வாயால் கேட்டால் அவன் போய் அந்தக் கூட்டாளிகளைத் தடுப்பான், அல்லது யார் என்றாவது சொல்வான். அவன் வாயைத் திறக்காவிட்டால் புதன்கிழமை நானே போலீசுக்குப் போய் அவன் பெயரைச் சொல்லிவிடுவேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ளிவிடாதே.

கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரே கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
ரோசலி பெர்ஷரோன்