புது வீட்டில் மோட்டார் மாற்றிய கதை

ஆரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா குணசுந்தரி ஆசையோடு எழுதுவது. கெங்கையம்மன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையும் போடுகிறேன். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். நைட் டியூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே, ரொட்டியாவது தின்றுவிட்டுப் படு.

இங்கே போன வாரம் மோட்டார் போய்விட்டது. கீழ்த் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார்தான், வீட்டை நமக்கு விற்றவர்கள் வைத்துவிட்டுப் போனது. காலையில் ஸ்விட்சைப் போட்டேன், உம் என்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை. பயந்துபோய் அணைத்துவிட்டேன். அப்புறம் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பாய், கை தானாகவே போனை எடுத்து நம்ம பழைய வீட்டு ஓனர் ராஜவேலு அண்ணனுக்குப் போட்டுவிட்டது. "அண்ணா, தண்ணி வரலண்ணா" என்கிறேன். அவரும் தூக்கக் கலக்கத்தில், "தோ வரேம்மா, மேல வால்வ மூடிட்டு வரேன்" என்கிறார். ரெண்டு பேருக்கும் அப்புறம்தான் உறைத்தது. நாம் அந்த வீட்டைக் காலி செய்து எத்தனை மாதம் ஆகிறது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெரியாமல் போட்டுவிட்டேன் அண்ணா, இது என் வீட்டு மோட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வாடகை வீட்டில் எது கெட்டாலும் மேலே போய்ச் சண்டை போட ஒரு ஆள் இருந்தார். இங்கே மேலே மொட்டை மாடிதான். பக்கத்து மனைகள் எல்லாம் கல் நட்டது நட்டபடி கிடக்கின்றன, கூப்பிட்டுக் கேட்கவும் ஆள் இல்லை. கொசப்பாளையத்துப் பழைய வீட்டில் விடிந்தால் எதிர் வீட்டுத் தறி அடிக்க ஆரம்பித்துவிடும், தூங்க விடுகிறார்களா என்று திட்டிக்கொண்டே எழுந்திருப்பேன். இங்கே எழுப்புவதற்கு ஒன்றுமே இல்லையடி.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராஜவேலு அண்ணன் வண்டியில் வந்து நிற்கிறார், பின்னால் மெக்கானிக் வெற்றிச்செல்வன். உன் மஞ்சள் நீராட்டு அன்றைக்கு, வீடு நிறைய சனம், இன்னொரு தரம் மோட்டார் போடுங்கள் என்று நான் கெஞ்சியும் "ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தின அதே மனுஷன். அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் அவரைக் கண்டதும் மனசு லேசாகிவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வெற்றிச்செல்வன் மோட்டாரைக் கழற்றிப் பார்த்து, உள்ளே காயில் கம்பி எரிந்துவிட்டது, திரும்பக் கட்டினால் கொஞ்ச நாள் ஓடும், புதுசு போட்டால் தொந்தரவு இல்லை என்று எல்லாவற்றையும் ராஜவேலு அண்ணன் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான். "என்னா சார் பண்லாம்?" என்று அவரைத்தான் கேட்டான். அவர், "என்னைய ஏம்பா கேக்கற? வூட்டுக்காரம்மா அவங்கதான், அவங்களக் கேளு" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். ரெண்டு பேரும் என்னையே பார்க்கிறார்கள். செய்யாறு கம்பெனியில் ஷூவுக்கு அட்டை ஒட்டின அத்தனை வருஷமும், பசை தீர்ந்தால்கூட சூப்பர்வைசரைக் கேட்டுத்தான் அடுத்த டப்பாவைத் திறப்பேன். வீட்டில் உன் அப்பா இருந்தவரை எல்லாம் அவர் சொன்னதுதான். உனக்குப் போன் போடலாமா என்று நினைத்தேன், நீ அப்போதுதான் படுத்திருப்பாய். கடைசியில் "புதுசே போட்டுடுப்பா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மதியத்துக்குள் மாற்றிவிட்டான். மாடித் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் "வந்துடுச்சி, வந்துடுச்சி" என்று பழைய வீட்டில் கத்துகிற மாதிரியே கத்திவிட்டேன். இங்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வர யார் இருக்கிறார்கள்?

வெற்றிச்செல்வன் போன பிறகு அண்ணனை உட்கார வைத்துச் சோறு போட்டேன், கத்தரிக்காய்க் காரக்குழம்பு. அவர் வீட்டுக்கார அம்மா தவறினதிலிருந்து ஓட்டல் சாப்பாடுதானாம், மகன் பெங்களூரோடு சரி. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "நீங்க போனதுலேந்து கீழ் வூடு பூட்டியே கெடக்குதும்மா. கேட்டு வராங்க, எனக்குத்தான் மனசு வரல. இத வாடகைக்கு வுட்டுட்டு அங்கயே வந்துடேன். ஒத்தையில இங்க என்னா பண்ணிகினு இருக்க?" என்றார். எழில், நிஜமாகச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அந்தத் தெருவும் தறிச் சத்தமும் அவர் போடுகிற கத்தலும் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "இருக்கட்டும்ணா, இப்பதானே புது மோட்டார் போட்டேன்" என்றேன். இது ஒரு பதிலா? அவர் "அதுவும் சரிதான்" என்று கை கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதிக் குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.

நீ விமானம் ஏறினதிலிருந்து நான் பேசினது எல்லாம் சேர்த்தாலும் அன்றைக்கு ஒரு நாள் பேசினதுக்கு ஈடாகாது. அதற்குப் பிறகு இன்றுவரை வீட்டில் எதுவும் கெட்டுப்போகவில்லை. யாரும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ அழக்கூடாது, லீவு போட்டுக்கொண்டு ஓடியும் வரக்கூடாது. வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டது நான்தான், இருந்து பழகிக்கொள்வேன். அடுத்த மனையில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டப் போவதாகப் பேச்சு, ஆள் வந்தால் முதலில் நான்தான் போய்ப் பேசுவேன் என்று வைத்திருக்கிறேன். காதைத் துணி கட்டி மூடிக்கொண்டு வெளியே போ. நீ எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் அந்த அம்மன் துணை இருக்கட்டும், தீர்க்காயுசாக இரு.

ஒன்று மறக்காதே. இது கைக்குக் கிடைத்ததும் போன் போட்டுப் பேசி முடித்துவிடாதே, ரெண்டு வரியாவது எழுதிப் போடு. போன் பேச்சு வைத்ததோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
அ. குணசுந்தரி