கோர்டிக்கு இடப்பக்கம்

எல்க் ஃபோர்க், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 29, 2009

அன்புள்ள வெர்ன் மச்சானுக்கு,

ஆர்லன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பால் வண்டியும் சுகம். அங்கே அக்கா சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சுகத்தைப் பற்றி இப்போதைக்கு எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டீர்கள். போன் செய்தால் அக்கா எடுத்து, "அவரு வெளிய போயிருக்காருடா" என்கிறாள். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. வெளியே போனவர் இருமலை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனாரா?

பத்திரிகைக்காரப் பெண் உங்களுக்குப் போன் செய்து, "கோர்டி டுசெக்கோட பள்ளிக்கூடத்துல ஆடினவராச்சே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றிருக்கிறாள். 'தங்கமான பையன்' என்று சொல்லி வைத்திருந்தால் உங்கள் வாய் தேய்ந்தா போயிருக்கும்? நீங்கள் சொன்னது கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது: "நல்ல ஆட்டக்காரன்தான். ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற அளவுக்கு இல்லை."

மச்சான், நம் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் என்று சொல்ல இந்த ஊர் பெற்றது அவன் ஒருவனைத்தான். சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிக்குப் போய் இரண்டு கோப்பை வாங்கியவன். அவன் பந்தை எறிவதை டிவியில் பார்க்கவே நம் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் பாதியில் முடிப்பார். அவனையா?

நேற்று வெள்ளிக்கிழமை இல்லையா, மீன் வறுவலுக்கு ரோலியின் பாருக்குப் போனேன். தட்டை வைக்கும்போதே ரோலி கேட்டான், "உன் மச்சானுக்குத் தலையில அடி பட்ருச்சா?"

"ஹெல்மெட் போட்டுத்தானப்பா ஆடுனாரு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் என் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு அப்பம் ஒன்று குறைந்தது. நீங்கள் பேசியதற்கு என் வயிறு ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

அக்டோபரில் பள்ளி மைதானத்துக்குக் கோர்டி பேரை வைக்கிறார்கள். அன்றைக்கு அவனுடைய கடைசி வருடத்துப் பள்ளி அணியின் பதினொரு பேரும் பழையபடி அவரவர் இடத்தில் வரிசை கட்டி நிற்க வேண்டுமாம். உங்களைக் கூட்டி வருவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். கேட்டால் இருமுவீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

உங்கள் மச்சினன்,
ஆர்லன்


மில்வாக்கி
செப்டம்பர் 5, 2009

மாப்ளே,

கடிதம் கிடைத்தது. வரமாட்டேன்.

சொன்னதை மாற்றவும் மாட்டேன். கோர்டி பந்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான். அவ்வளவுதான் என் குற்றச்சாட்டு.

நீ அனுப்பிய சீஸ் துணுக்கு பழசு, புதுசென்றால் கடிக்கும்போது கீச்சென்று சத்தம் வருமே, வரவில்லை என்று உன் அக்கா குறைப்படுகிறாள்.

வெர்ன்


எல்க் ஃபோர்க்
செப்டம்பர் 12, 2009

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் கடிதம் எழுதினீர்களா, தந்தி அடித்தீர்களா?

பந்தை ரொம்ப நேரம் வைத்திருந்தானாம்! மச்சான், அதுதானே அழகு! எவனும் எறிவான். எறியாமல் ஓடுவதைப் பார்க்கத்தானே ஊரே மழையில் உட்கார்ந்திருந்தது? பைன் ஹார்பர்காரர்களோடு ஆடிய கடைசி ஆட்டத்தை மறந்துவிட்டீர்களா? கடைசி நிமிடம். இந்தப் பக்கம் ஓடினான், அந்தப் பக்கம் ஓடினான், எதிராளிகளை மாடு மேய்ப்பது போல மேய்த்துக்கொண்டு இன்னொரு சுற்றுச் சுற்றினான். பிறகு ஒற்றைக் காலில் நின்று எறிந்தான் பாருங்கள்! நான் பேண்டு குழுவில் பெரிய மேளம் அடித்தவன். அன்றைக்கு மேளத்தையே கிழித்துவிட்டேன். அதற்குத் தலைமை ஆசிரியர் திட்டியதில்தான் என் படிப்பே முடிந்தது. நானே கோர்டியைக் குறை சொல்லவில்லை. உங்களுக்கென்ன?

உங்கள் வேலை என்ன? அவனுக்கு இடப்பக்கம் நின்று, அவன் பார்க்காத பக்கத்திலிருந்து வருகிறவனைத் தடுப்பது. மூன்று எண்ணுகிற நேரம். அதற்குள் சலிப்பா? ஊரில் எல்லாரும் ஒன்றுதான் கேட்கிறார்கள்: "வெர்னுக்குப் பொறாமையா?" நான் இல்லை என்கிறேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

ஒன்றும் பெரிய வேலை இல்லை மச்சான். காகிதத்தில் பெரிய பதாகை கட்டுகிறார்கள். உங்கள் பேரைச் சொன்னதும் அதைக் கிழித்துக்கொண்டு ஓடிவர வேண்டும். அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்களால் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும்
ஆர்லன்


மில்வாக்கி
செப்டம்பர் 19, 2009

மாப்ளே,

ஓட முடியாது. முட்டி. கிடங்கில் சரக்கு வண்டியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும்.

இன்னொரு தடவை பொறாமை என்று எழுதினால், ஜனவரியில் ஏரி உறைந்ததும் மீன்பிடிக் குடிசையைப் பனியில் நீயே தனியாக இழுத்துக்கொள். நான் இனி வருவதாக இல்லை. கேலி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வெர்ன்


எல்க் ஃபோர்க்
அக்டோபர் 2, 2009

மச்சான்,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

நேற்றுப் பள்ளிக்கூட ஜிம்மில் அந்தப் பைன் ஹார்பர் ஆட்டத்தின் பழைய படத்தைப் போட்டார்கள். ரோலிதான் ஓட்டினான். எல்லாரும் கோர்டியைப் பார்த்தார்கள். நான் உங்கள் மேல் இருந்த கடுப்பில் உங்கள் எழுபத்திரண்டாம் நம்பர் சட்டையை மட்டும் பார்த்தேன். அப்படி என்ன கிழித்துவிட்டார் நம்ம மச்சான் என்று குற்றம் கண்டுபிடிக்கத்தான்.

பைன் ஹார்பரின் அந்தத் தடியனை நீங்கள் நிறுத்துகிறீர்கள். மூன்று எண்ணியாயிற்று. கோர்டி எறியவில்லை. அந்தப் பக்கம் போகிறான். நீங்கள் நிறுத்திக்கொண்டே இருக்கிறீர்கள். திரும்பி வருகிறான். இன்னும் நிறுத்துகிறீர்கள். இரண்டாவது சுற்றில் பின்னால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு உங்கள் பக்கமே வந்து, அவன் மட்டும் நழுவிவிட்டான். மூன்று பேரும் உங்கள் கால் மேல் விழுந்தார்கள். பிறகு படம் பந்தோடு போய்விட்டது. ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது. நீங்கள் முட்டியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள். ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்களாக எழுந்தீர்கள். அடுத்த தடவை வரிசை கட்டியபோது நொண்டிக்கொண்டே போய் நின்றீர்கள்.

"இன்னொரு தடவ போடு" என்றேன் ரோலியிடம்.

"முக்கியமான எடம் முடிஞ்சிருச்சேப்பா."

"முடியலடா. போடு."

எந்தக் கிடங்கு மச்சான்? எந்தச் சரக்கு வண்டி? பொண்ணு பார்க்க வந்தபோதே உங்கள் நடை அப்படித்தான் இருந்தது. 'கௌபாய் படத்து ஜான் வெய்ன் மாதிரி நடக்குறாரு' என்று அக்கா மயங்கினாளே! கல்லுளிமங்கன் என்றால் நீங்கள்தான். பத்திரிகைக்காரியிடம் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் என் அப்பமாவது பிழைத்திருக்கும். இத்தனை வருடம் உங்கள் நடையைக் கேலி செய்திருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். "வாய மூடுடா, நடந்தது இது" என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

பேரைச் சொன்னதும் ஊர் முன்னால் நொண்டிக்கொண்டு வர வேண்டுமே என்றுதானே வரமாட்டேன் என்கிறீர்கள்? யாரும் ஓட வேண்டாம், எல்லாரும் நடந்தே வரட்டும் என்று விழாக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஐம்பது ஆகிவிட்டது, ஒருத்தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் யார் பொறுப்பு என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்கள்.

வாருங்கள் மச்சான்.

ஆர்லன்


எல்க் ஃபோர்க்
அக்டோபர் 11, 2009

அன்புள்ள மச்சானுக்கு,

பதிலும் இல்லை, ஆளும் இல்லை. நல்லது. நடந்ததை நானே சொல்கிறேன்.

விழாவுக்கு முன்னால் பீரில் வெந்த சாசேஜ் வாங்கக் கோர்டி என் பின்னால் வரிசையில் நின்றான். தலையில் ஒரு முடி இல்லை. இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றி வைத்ததாம். நான் சும்மா இருப்பேனா?

"என் மச்சான் சொன்னத படிச்சீங்களா?"

"வெர்னா? படிச்சேன். சரியாத்தான் சொல்லிருக்கான்."

"எது சரி?"

"பந்த ரொம்ப நேரம் வச்சிருந்தேன். வெர்ன் நிப்பான்னு தெரியும். அவன் நிக்கிற வரைக்கும் எனக்கென்ன அவசரம்? சம்பளத்துக்கு ஆடப் போனப்பதான் தெரிஞ்சுது, அவன மாதிரி நிக்க ஆளே இல்லைன்னு. அப்பதான் சீக்கிரமா எறியக் கத்துக்கிட்டேன்."

உங்கள் முட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே. சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், கடிக்கவே இல்லை.

"அடுத்த தடவ வரிசை கட்டுனப்ப எந்திரிச்சு வந்து நின்னானேப்பா" என்றான். "நான் திரும்பிப் பாக்கலியே."

பிறகு பேர்களைக் கூப்பிட்டார்கள். உங்கள் பேரையும்தான். யாரும் வரவில்லை. வரிசையில் இடப்பக்கம் ஓட்டைப் பல் மாதிரி ஒரு சந்து. கோர்டி தன் இடத்தில் நின்று அதையே பார்த்தான். திடீரென்று நடந்து போய் அந்தச் சந்தில் உங்களைப் போலவே குனிந்து, ஒரு கையைப் புல்லில் ஊன்றி உட்கார்ந்தான்.

அழகாகத்தான் இருந்தது மச்சான், அவன் எழுந்திருக்கப் பார்க்கும் வரை. முடியவில்லை! இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். முதலில் சிரித்தது அவன்தான். மைக்கைப் பிடித்துச் சொன்னான்: "மூணு எண்ணுற நேரம் உக்காந்தேன். அதுக்கே எந்திரிக்க ஆள் தேவப்படுது. வெர்ன் சொன்னது சரிதான்." வேறு பேச்சே பேசவில்லை. பேர்ப் பலகைத் துணியை விலக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை எனக்கு அப்பம் இரண்டு அதிகமாக வந்தது.

என் கட்சியை நான் மாற்றவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரன்தான். கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். உங்கள் அளவுக்கு.

ஜனவரியில் ஏரிக்கு அவனும் வரலாமா என்று கேட்டான். மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குடிசையைத் தனியாக இழுக்க என்னால் முடியாது. வருவீர்களா, மாட்டீர்களா? இதற்காவது வாயைத் திறங்கள்.

உங்கள்
ஆர்லன்


மில்வாக்கி
நவம்பர் 15, 2009

மாப்ளே,

முட்டியை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் தாமதம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். உன் அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவளிடமும் கிடங்குக் கதைதான் சொல்லியிருந்தேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சூப்பை மட்டும் டக்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். இதற்கு உன் கடிதமே தேவலை.

அவன் குனிந்து உட்கார்ந்ததை எப்படி உட்கார்ந்தான் என்று இன்னொரு தடவை எழுது. எந்தக் கையை ஊன்றினான்?

ஜனவரிக்குள் நடக்கலாமாம், எதையும் இழுக்கக் கூடாதாம். குடிசையை நீ இழு, நான் கூடவே நடந்து குறை சொல்கிறேன். கோர்டி வரட்டும். சுற்றாமல் ஓரிடத்தில் உட்கார்ந்தால் மூன்று பேருக்கு இடம் போதும்.

ஆனால் பிராந்தி பாட்டிலை அவன் கையில் கொடுத்துவிடாதே. ரொம்ப நேரம் வைத்திருப்பான்.

அன்புடன்,
வெர்ன் மச்சான்